பதினைந்தாவது கமாண்டர்

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஓர் அறை. ஜன்னலோரம் நீளமான மேஜை. அதன்மேல் மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, ராவி மெருகு போடுகிற மிஷின், தூசி உறிஞ்சும் குழாய். சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் வரிசை வரிசையாக வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள். முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு தங்களைப் பார்ப்பதுபோல் இருக்கும். அந்த வாய்களுக்கு நடுவில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்து பல் செட் செய்கிறவளுக்குப் பல்லக்கா என்றுதான் பெயர். கீழே இருக்கிற டாக்டர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் அவள் பல்லக்காதான்.

அவள் கை பட்ட பல் செட்டை மாட்டிக்கொண்டு போகிறவனைப் பார்த்து, இது சொந்தப் பல்லா செய்த பல்லா என்று அவன் பெண்டாட்டியே கண்டுபிடிக்க மாட்டாள். பீடி குடித்தவனுக்கு அந்தக் கறையோடு, ஒரு பக்கம் மென்று தேய்த்தவனுக்கு அந்தத் தேய்மானத்தோடு செய்வாள். குறை தெரியாமல் செய்வது ஒரு வித்தை. அந்த வித்தைதான் ஒருநாள் தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவள் எங்கே கண்டாள்?

வீட்டில் அவளுக்கு இன்னொரு உலகம் இருந்தது. கூடத்துச் சுவரை முழுசாக அடைத்த கண்ணாடி அலமாரி. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பொம்மை வீரர்கள். முழங்கால் மடிகிற சிப்பாய்கள், ஆக்ஸிஜன் குழாய் வைத்த கடல் வீரன், மார்பில் பட்டன் அமுக்கினால் கத்தியை வீசுகிற குரங்கு மனிதன், டப்பாவே பிரிக்காத பாலைவனப் படை. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் குந்தி உட்கார்ந்து, உடைந்த டார்ச்சுகளுக்கும் துருப்பிடித்த பூட்டுகளுக்கும் நடுவிலிருந்து பொறுக்கியவை பாதி. போன் குழுவில் மற்ற சேகரிப்பாளர்களிடம் மாற்றிக்கொண்டவை மீதி. கை போனது, கால் போனது என்றால் எந்த ஊரிலிருந்தும் அவளுக்குத்தான் பார்சல் வரும். "பல்லக்கா ஒட்டினா பிறந்த கைதான்" என்பார்கள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது.

"வீட்டுல இருநூத்திப் பன்னெண்டு ஆம்பளைங்க. ஒருத்தனாவது ஒரு பல்பு மாத்துறானா பாரு. எல்லாத்துக்கும் நான்தான் ஏணியில ஏறணும்" என்பார் வருகிறவர்களிடம்.

அந்த அலமாரியின் நடுத்தட்டில் ஒரே மாதிரி பதினாலு பேர் நிற்பார்கள். வெள்ளி உடை, நீலத் தலைக்கவசம், வலது கையில் லேசர் துப்பாக்கி. விண்வெளிக் கமாண்டர். ஒரே பொம்மை எதற்குப் பதினாலு என்று கேட்டால், "பிடிக்கும்" என்பாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

பதினைந்தாவது கமாண்டர் ஒருவன் இருந்தான். அவன் அலமாரியில் இல்லை. பீரோவில், புடவைகளுக்கு அடியில், ஒரு பல் செட் டப்பாவுக்குள் படுத்திருந்தான். அவனுக்கு வலது கை கிடையாது. அவன் அவளுடையவனும் இல்லை. அவள் தம்பியுடையவன். அவனை அவள் திருடி நாற்பது வருஷமாக வைத்திருந்தாள்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் அப்பா கப்பலில் சமையல்காரர். ஒரு தடவை வந்தபோது மகனுக்கு ஐந்து பொம்மை வீரர்கள் கொண்டுவந்தார். மகளுக்கு ஒரு டஜன் தலை கிளிப். பதினோரு வயதுப் பெண் அந்தக் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி ஒவ்வொரு வீரனாகப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பிக்கு ஏழு வயது. பால் பல் விழுந்து முளைக்கிற பருவம், ஈறு ஊறும், கையில் கிடைத்ததை எல்லாம் கடிப்பான். கமாண்டரின் வலது கையைக் கடித்துக் கடித்தே பிய்த்துவிட்டான். தோளில் பல் தடம் ஆழமாக விழுந்தது. ஒரு நாள் முழுக்க அழுதான். மறுநாள் அவனே சொன்னான்: "அக்கா, போர்ல போயிடுச்சு. இனிமே இவன்தான் பெரிய ஆளு."

அந்தப் பெரிய ஆளை அவன் அக்காவுக்குத் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் தருவான். கேட்டுத் தரவில்லை, கெஞ்சித் தரவில்லை. தானாகவே கொண்டுவந்து, "அக்கா, உன் முறை" என்று மடியில் வைப்பான். அப்படிப்பட்டவனிடம் திருடினாள். அரை மணி போதவில்லை, அவ்வளவுதான் காரணம். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டு மறுநாள் வைத்துவிடலாம் என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்து அப்பா பொம்மைகளை வரிசையாக நிறுத்தச் சொன்னார். நாலுதான் இருந்தன. "வாங்கின பொருளோட அருமை தெரியுதாடா உனக்கு?" என்று பெல்ட்டைக் கழற்றினார். பையன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "தெரியலப்பா, தெரியலப்பா" என்று கத்தினான். மூன்றாவது அடி விழும்போது அக்கா பாய்ந்து குறுக்கே விழுந்தாள். அந்த அடி அவள் முதுகில் இறங்கியது. அப்பா பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனார். மறுநாள் மீதி நாலு பொம்மைகளும் வீட்டில் இல்லை. யாருக்குக் கொடுத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. தம்பியின் கையில் அதற்கப்புறம் எந்தப் பொம்மையும் ஏறவில்லை.

ஆனால் ஓர் அக்கா ஏறினாள், நேராக அவன் நெஞ்சில். தனக்காக அடி வாங்கிய அக்கா! அந்தக் கதையை அவன் சொல்லாத இடமில்லை. அவள் கல்யாணத்தில் சொன்னான், தன் கல்யாணத்தில் சொன்னான், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சொன்னான். சொல்லும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். "பாருங்க, புகழ்ந்தா எங்கக்காவுக்கு வெட்கம்" என்பான்.

தம்பிக்கு வேலை பஸ் நிலையத்தில், அறிவிப்பாளர். எல்லோரும் அவனைக் கூப்பிடுவதே மைக் என்றுதான். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர் அவன் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறியது. கூட்டத்தில் குழந்தை தவறிப்போனால் அவன் அறிவிக்கிற விதமே தனி. "நீலச் சட்டை போட்ட கண்ணு, பயப்படாதே, அம்மா மூணாம் நம்பர் கடைகிட்ட நிக்கிறாங்க" என்பான். அந்தக் குழந்தை மட்டுமல்ல, நிலையமே ஒரு நிமிஷம் அமைதியாகும்.

அந்தக் குரல் ஒரு வருஷமாகக் கரகரத்தது. தூசி என்றான். சூடு என்றான். கடைசியில் தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். உயிர் பிழைப்பான். பேச்சு போய்விடும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன்.

செய்தி கேட்ட அன்றே பல்லக்கா முடிவு செய்தாள். திங்கட்கிழமைக்கு முன்னால் அவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் திட்டட்டும், காறித் துப்பட்டும், "போகட்டும் விடு அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். எதுவானாலும் அந்தக் குரலில் கேட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் கேட்க அந்தக் குரலே இருக்காதே!

வெறும் கையோடு எப்படிச் சொல்வது? பீரோவிலிருந்து டப்பாவை எடுத்தாள். நாற்பது வருஷத்தில் வெள்ளி மங்கி, தோளில் கடித்த குழிகளில் அழுக்கு ஏறி, ஒற்றைக் கையோடு கமாண்டர் படுத்திருந்தான். இதையா தம்பியிடம் நீட்டுவது? அவள் மனசு கேட்கவில்லை. அவள் கை அதைவிடக் கேட்கவில்லை. ஓட்டை வாயோடு யாரையும் அனுப்பிப் பழகாத கை அது.

ஒன்பது நாள் வேலை. பல் செட் செய்கிற அதே முறையில், வேலையைத் தொடங்குமுன் அவனை அப்படியே அச்சு எடுத்துப் பிளாஸ்டரில் வார்த்துப் பலகையில் வைத்தாள். பதினாலு கமாண்டர்களின் வலது கையையும் பார்த்துப் பார்த்து மெழுகில் ஒரு கை செதுக்கினாள். அதை அக்ரிலிக்கில் மாற்றினாள். தோளின் பல் தடங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நிரப்பி, ராவி, மெருகு போட்டாள். ஐந்து விதமான வெள்ளி கலந்து, ஆறாவது விதத்தைப் பூசினாள். கடைசியில் மேஜைமேல் நிறுத்திப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. நேற்றுதான் கப்பலிலிருந்து இறங்கினவன் மாதிரி நின்றான் பாவி.

ஞாயிறு காலை, பார்வையாளர் நேரம். ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில் எட்டுக் கட்டில் போட்ட வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பக்கத்து ஸ்டூலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கா," என்றான். உடைந்த ஒலிபெருக்கி மாதிரி இருந்தது. "நாளையிலருந்து நம்ம வீட்டுல இவ பேச்சுதான். எதிர்க்கட்சியே கிடையாது."

"இத்தனை நாள் மட்டும் இருந்துச்சாக்கும்!" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பல்லக்கா பையைத் திறந்து கமாண்டரை அவன் மடியில் வைத்தாள். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் ஒப்பித்துக்கொண்டே வந்திருந்தாள். எல்லாம் மறந்துபோனது.

"தம்பி, இது உன்னோடது. அன்னிக்குக் காணாமப் போகல. நான்தான் எடுத்தேன். இவ்வளவு வருஷமா என்கிட்டதான் இருந்துச்சு. என்னை மன்னிச்சுடுடா."

அவன் பொம்மையை எடுத்தான். திருப்பினான். வலது கையை மேலே தூக்கினான், இறக்கினான். தோளைப் பார்த்தான். கண்ணாடி மாதிரி வழவழப்பு. மெதுவாக அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அக்கா, உனக்கு இன்னும் பொய் சொல்லத் தெரியல."

"பொய் இல்லடா..."

"என் கமாண்டருக்குக் கை ஏது? உன் அலமாரியில நிக்கிற பதினாலுல ஒருத்தனைக் கூட்டிட்டு வந்துட்டே. தொலைஞ்சது கிடைச்சிருச்சுன்னு தம்பி சந்தோஷமா போகட்டும்னு பாக்குறே. அதுக்காகத் திருடின்னு பேர் வாங்கிக்கவும் தயார். அன்னிக்கும் இதேதான் பண்ணே. என் அடியை நீ வாங்கினே."

"அண்ணி மாதிரி ஒரு அக்கா எந்த ஜென்மத்துலயும் கிடைக்க மாட்டாங்க" என்று அவன் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"நான் செஞ்ச கைடா அது! நானே ஒட்டினேன்!"

"எங்கே ஒட்டினே, காட்டு?"

அவள் காட்டப் பார்த்தாள். இணைப்பு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்து வித்தை அவள் வாயை அடைத்துவிட்டது. நர்ஸ் வந்து நேரமாச்சு என்றாள். "இருக்கிற குரலை வச்சு ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றான் தம்பி. "உனக்கு நன்றிக்கா." எதைக் கேட்கக் கூடாதென்று நாற்பது வருஷமாகப் பயந்தாளோ, அதைக் கேட்டுவிட்டு, அவன் திருப்பிக் கையில் கொடுத்த பொம்மையோடு கீழே இறங்கினாள்.

வாசலில் கணவர் டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெரியும்.

"விடு" என்றார். "நம்பலேன்னா நல்லதுதானே. அவன் அக்காவை அவன் வச்சுக்கட்டும்."

"அது நான் இல்லீங்க."

"நாளைக்கு அவனுக்குக் கத்தி வைக்கப் போறாங்க. இன்னிக்கே நீயும் ஒரு கத்தி வைக்கணுமா?"

தன் பாரத்தை இறக்கத்தான் இத்தனை பாடா? அவன் நெஞ்சிலிருந்து ஒன்றைப் பிடுங்கித்தான் இறக்க முடியும் என்றாலுமா? டீ ஆறி ஏடு கட்டியது. பொய்யாக ஒரு நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு இனி வாழ்நாள் முழுக்கப் பேசாத தம்பியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பல் ஆஸ்பத்திரியின் மாடி அறை பூட்டியிருந்தது. திறந்து மெல்லிய ரம்பத்தை எடுத்தாள். ஒன்பது நாள் செய்த கை ஒன்றரை நிமிஷத்தில் விழுந்தது. தோளில் நிரப்பியதைத் தோண்டினாள். அடியில் தடம் இல்லை. நிரப்பு நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று அவளே சுரண்டி எடுத்திருந்தாள். ரம்பத்தை மேஜைமேல் போட்டாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பலகையில், பல் போன கிழவர்களின் தாடைகளுக்கு நடுவில், ஒற்றைக்கைக் கமாண்டரின் பிளாஸ்டர் வார்ப்பு நின்றது. தொடுவதற்கு முன் எடுத்தது. ஏழு வயதுப் பிள்ளையின் பல் வரிசை தோளில் அப்படியே பதிந்து, நடுவில் ஒரு பல் விழுந்த இடைவெளியோடு.

மாலை நாலு மணிக்கு இரண்டையும் தம்பியின் கட்டிலில் வைத்தாள். இந்தத் தடவை எதுவும் பேசவில்லை.

அவன் முதலில் சிரிக்கத்தான் வாயெடுத்தான். வெள்ளை வார்ப்பைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றது. கட்டைவிரலால் தோளைத் தடவினான். ஒவ்வொரு குழியாக விரல் போனது. இடைவெளி வந்த இடத்தில் நின்றது. அவனை அறியாமல் வாய்க்குள் நாக்கு முன்பல்லைத் தொட்டுப் பார்ப்பதைப் பல்லக்கா பார்த்தாள்.

"அன்னிக்கு இது எங்கே இருந்துச்சு?"

"என் ஸ்கூல் பையில."

"பை எங்கே இருந்துச்சு?"

"உன் காலடியில. சுவரோரமா. அப்பா அதைக் காலால எத்துனாரு. பை திறந்துக்குமோன்னு..."

வார்டில் யாரோ இருமினார்கள். எங்கோ தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

"அப்போ நீ என் மேல விழல."

"இல்லடா."

"பை மேல விழுந்தே."

அவள் தலையாட்டினாள். அவன் வார்ப்பைப் போர்வைமேல் வைத்தான். பொம்மையை அதன் பக்கத்தில் வைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நாற்பத்தேழு வருஷத்தில் அக்கா என்று கூப்பிடாமல் அவளைப் பற்றி அவன் பேசியது அப்போதுதான். மனைவியிடம் சொன்னான்:

"அவளைப் போகச் சொல்லு."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மூன்றாம் மாடியில், ஆபரேஷன் அறைக்குப் போகிற லிஃப்ட் அருகில் பல்லக்கா நின்றாள். வார்டுக்குள் போக உரிமை இல்லை என்று அவளே தீர்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க அழுத கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன. கணவர் பக்கத்தில் நின்று, பழக்க தோஷத்தில் லிஃப்ட் கதவின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. பச்சை அங்கி, பச்சைத் தொப்பி. பின்னால் அவன் மனைவி. பல்லக்கா சுவரோடு ஒதுங்கினாள். ஸ்ட்ரெச்சர் அவளைத் தாண்டி லிஃப்டுக்குள் நுழைந்தது. கதவு மூட ஆரம்பித்தது. உள்ளேயிருந்து ஒரு கை மேலே எழுந்தது. ஒரு விரல் மடங்கி நீண்டது. வா என்றது.

கணவர் காலை நீட்டிக் கதவைத் தடுத்தார்.

"யோவ், காலை எடுய்யா! டாக்டர் வெயிட் பண்றாரு" என்றான் வார்டு பையன்.

"இந்தக் கதவு என் பேச்சைக் கேக்கும். நீ சும்மா இரு, ஒரு நிமிஷம்."

அவள் உள்ளே போய்க் குனிந்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான். போர்வைக்கு அடியிலிருந்து இன்னொரு கை வெளியே வந்தது. அதில் ஒற்றைக்கைக் கமாண்டர். அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினான்.

"கையை ஒட்டிடாதே" என்றான்.

அவ்வளவுதான். கரகரப்பாக, மெதுவாக, காணாமல்போன குழந்தைக்கு வழி சொல்கிறவன் மாதிரிகூட இல்லாமல், சும்மா ஒரு விஷயத்தைச் சொல்கிறவன் மாதிரி. அவள் வெளியே வந்தாள். கணவர் காலை எடுத்தார். கதவு மூடியது. மேலே சிவப்பு எண் மாறியது.

தம்பி மனைவி ஓடி வந்து அவள் தோளைப் பற்றினாள். "என்ன அண்ணி சொன்னாரு? மன்னிச்சுட்டேன்னாரா? சொல்லுங்க அண்ணி, அப்படித்தானே சொன்னாரு?"

பல்லக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆமாம் என்று சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். எது உண்மை என்று உள்ளே இருக்கிறவனைத்தான் கேட்க வேண்டும், அவனோ இனி சொல்லப்போவதில்லை. "பொம்மையைப் பத்தி" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய கட்டைவிரல் தானாகப் போய்த் தோளில் ரம்பம் விட்ட சொரசொரப்பைத் தேடிப் பிடித்தது, ராவிச் சமப்படுத்தத் துடித்தது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.